ஏழு தெருப் பிடியரிசி

தனுஷ்கோடிதான் வேட்பாளர் என்று கருத்தையா வந்து சொன்னபோது வெள்ளத்தாய் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எந்தத் தனுஷ்கோடி?" என்று கேட்டாள். ராஜபாளையத்தில், மில்லுக்குப் பின்னால் கிடக்கும் அந்த ஏழு தெருவுக்கும் தெரிந்த தனுஷ்கோடி ஒரே ஒருவன்தான். இருந்தாலும் கேட்டாள். சில பெயர்களை அடுத்தவர் வாயால் இன்னொரு தடவை கேட்டால்தான் வயிற்றில் தீ சரியாகப் பிடிக்கிறது.

"அதே ஆளுதான்" என்றார் கருத்தையா.

கருத்தையா செங்கொடிக் கட்சியின் கிளைச் செயலாளர். முப்பது வருடம் மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்று இருமலைச் சம்பாதித்தவர். பத்து வருடத்துக்குப் பிறகு நடக்கிற நகராட்சித் தேர்தல் அது, தொண்ணூற்றாறாம் வருடம் புரட்டாசி மாதம். கூட்டணியில் இந்த வார்டு பெரிய கட்சிக்குப் போய்விட்டது, அவர்கள் தனுஷ்கோடியை நிறுத்திவிட்டார்கள், நம்மை வேலை செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து தாள் வந்துவிட்டது என்று அவர் தரையைப் பார்த்தே சொல்லி முடித்தார்.

"மேலிடத்துக்கு என்ன தோழர், மதுரையில ஃபேனுக்கடியில உக்காந்து எழுதிருவாக. அவனுக்கு நான் வீடு வீடா ஓட்டுக் கேக்கணுமாக்கும்."

"எதுத்து நிக்கிறது யாருன்னு யோசி வெள்ளத்தாயி. மில் மேனேஜரோட மச்சினன். செயிச்சா மொத வேலையா மதில்சுவரை ஒட்டின நாப்பது குடிசையையும் எடுத்துட்டு லாரிக்கு ரோடு போடுவேன்னு வெளிப்படையாவே சொல்றான். தனுஷ்கோடி அதை மட்டும் செய்ய மாட்டான், எழுதிக் குடுத்துருக்கான். நீ சொன்னாத்தான் இந்த ஏழு தெரு கேக்கும்."

அது முகஸ்துதி இல்லை. ஏழு தெருவிலும் முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டில் உலை வைக்கிற பெண்கள், பானையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து ஒரு டப்பாவில் தனியாகப் போடுவார்கள். சனிக்கிழமை சனிக்கிழமை வெள்ளத்தாய் சாக்கோடு போய் அதை வாங்கி வருவாள். எண்பத்தைந்து ஸ்டிரைக்கில் கஞ்சித் தொட்டிக்காக ஆரம்பித்த பழக்கம், ஸ்டிரைக் முடிந்தும் நிற்கவில்லை. நோட்டீஸ் அடிப்பது, சுவருக்குச் சுண்ணாம்பு, ஜீப்புக்கு டீசல், கோர்ட்டுக்கு வக்கீல், எல்லாமே அந்த அரிசிதான். மாலை, துண்டு, சோடாப் பாட்டிலோடு வருகிற பெரிய கட்சிக்காரர்களுக்கு ஒரு பிடி அரிசியின் கணக்கு புரியாது. ஒரு பிடி கொடுத்துவிட்டவள் தன் கைப்பொருளைக் காப்பாற்றவாவது பூத்துக்கு வந்துவிடுவாள். "அரிசி போட்ட கை மாத்திக் குத்தாது" என்பாள் வெள்ளத்தாய். பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட மாற்றிக் குத்தியதில்லை.

அவள் கருத்தையாவை, யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டுக் கல்லைப் பொறுக்கினாள்.

தனுஷ்கோடி அந்த ஸ்டிரைக்கில் சங்கச் செயலாளர். பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. அவன் மைக்கைப் பிடித்தால் கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறவன் பசியை மறந்துவிடுவான். எண்பத்தேழு நாள் ஒரு ஆள் உள்ளே போகவில்லை. எண்பத்தெட்டாம் நாள் மதுரையில் ஓர் ஓட்டல் அறையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. எல்லோரும் வேலைக்குத் திரும்பலாம், பதினோரு பேரைத் தவிர. அந்தப் பதினோரு பேரும் வன்முறைக்காரர்கள் என்று எழுதியிருந்தது. எழுதியது யார் என்பது லேபர் கோர்ட்டில் அந்தத் தாளை வைத்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. தனுஷ்கோடியின் கையெழுத்து, குண்டு குண்டாக, முத்துப் போல. அதற்குள் அவன் மில் கேன்டீனுக்குக் கான்ட்ராக்டர் ஆகி, அடுத்து பேண்டேஜ் துணி வியாபாரம் ஆகி, பிறகு பெரிய கட்சியும் ஆகிவிட்டான்.

பட்டியலில் நாலாவது பெயர் பால்ச்சாமி, வெள்ளத்தாயின் புருசன். வன்முறை என்றால் அவருக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. கஞ்சித் தொட்டியில் அகப்பை பிடித்தவர், அவ்வளவுதான். அந்தப் பதினோரு பேருக்கும் பிறகு எந்த மில் கேட்டும் திறக்கவில்லை. நாலு மாதம் அலைந்து பார்த்துவிட்டுப் புனலூருக்கு மரம் ஏற்றப் போனார். மூன்றாம் மாதம் ஒரு மரத்தடி அவர் மேல் உருண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தபால் கார்டு இங்கே வந்து சேர ஐந்து நாள். வெள்ளத்தாய் செங்கோட்டை வழியாக பஸ் மாறி மாறிப் போனபோது, யாரும் கேட்டு வரவில்லை என்று புதைத்துவிட்டிருந்தார்கள். வாய்க்கரிசிக்கென்று முந்தியில் முடிந்து கொண்டுபோன அரிசியை அவள் அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள். கட்டின புருசனுக்கு ஒரு பிடி அரிசி போடக் கொடுத்து வைக்காதவள் என்ற சொல்லை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அவளே அவளுக்குத் தினமும் சொல்லிக்கொண்டாள், உலையில் அரிசி போடும்போதெல்லாம்.

பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். வெள்ளத்தாய் பதினோரு வருடம் பொறுத்தாள். இன்னும் வாடகை வீடுதான்.

இரண்டு நாள் கழித்து தனுஷ்கோடியே வந்தான். வெள்ளை அம்பாசடரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான், ஏழைத் தெருவில் எப்படி நுழைய வேண்டும் என்பது அவனுக்கு மறக்கவில்லை. கையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோ.

"நல்லா இருக்கீகளா மதினி?"

"இருக்கேன். உக்காருங்க கொழுந்தனாரே."

பால்ச்சாமியை அவன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். அண்ணனை எழுதிக் கொடுத்த கையால் மதினிக்கு இனிப்பு கொண்டுவந்திருந்தான். அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். பிறகு அதை மதில்சுவர்க் குடிசை அங்காளம்மாளின் ஆடு தின்றது. ஆட்டுக்கு அரசியல் தெரியாது.

"பழசெல்லாம் ஆறின கஞ்சி மதினி. அன்னிக்கு நான் அந்தப் பதினோரு பேரைக் குடுக்கலன்னா ஆயிரத்து நானூறு பேரு பட்டினி. ஒரு தலைவனுக்குத்தான் அந்தச் சங்கடம் தெரியும். அண்ணன் போனது எனக்கு எம்புட்டு வருத்தம் தெரியுமா?"

"தெரியாது" என்றாள் வெள்ளத்தாய். "சொல்லி அனுப்பியிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

அவன் வந்த விஷயத்துக்கு வந்தான். அவள் கூட வந்தால் வார்டு அவனுக்கு, இல்லாவிட்டால் மேனேஜர் மச்சினனுக்கு. நாற்பது குடிசைக் கதையை அவனும் ஒருமுறை சொன்னான். அவன் சொல்லும்போது அது குடிசைகளைப் பிணையாகப் பிடித்து வைத்திருப்பதுபோல் இருந்தது.

"வாரேன்" என்றாள் அவள். "ஆனா பிடியரிசிக்கு ஒரு முறை இருக்கு. வேட்பாளரே துண்டை விரிச்சு வாசல் வாசலா ஏந்தணும். பிரச்சாரம் முடியிற அன்னைக்கு அந்த அரிசியில கஞ்சி காய்ச்சுவோம். மொதக் குவளை வேட்பாளர் குடிக்கணும்."

தனுஷ்கோடி சிரித்தான். "எனக்கே சொல்றீகளா? ஸ்டிரைக்ல அந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான மதினி."

"அதான். மறந்திருப்பீகளோன்னு சொன்னேன்."

"புரட்டாசிச் சனிக்கிழமையில வச்சுக்கிருவோம். பெருமாளுக்குக் கோவிந்தா போட்டு அரிசி வாங்குறாப்ல இருக்கும். சனங்களுக்கு எடுப்பா இருக்கும்." மனதுக்குள் அவன் அப்போதே நாமம் போட்டுக்கொண்டுவிட்டான்.

அவன் போன பிறகு வெள்ளத்தாய் வெகுநேரம் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவனைத் தோற்கடிக்க ஒரு நொடி போதும். சனிக்கிழமை சாக்கோடு போகும்போது உதட்டைப் பிதுக்கினாலே ஏழு தெருவும் புரிந்துகொள்ளும். ஆனால் அவன் தோற்றால் அவன் மறுபடி பேண்டேஜ் கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வான், தெருவில் நிற்கப் போவது அங்காளம்மாளும் அவள் ஆடும் இன்னும் முப்பத்தொன்பது குடும்பமும். அவன் ஜெயித்தாலோ மாலையோடு வருவான். அவளால் இரண்டையும் விழுங்க முடியவில்லை. ஓட்டு அவனுக்கு விழ வேண்டும், அவனும் விழ வேண்டும். அது எப்படி என்று யோசித்துக்கொண்டே உலை வைக்க எழுந்தாள். அரிசிப் பானைக்குள் கையை விட்டவள், ஒரு பிடி எடுத்து, அந்தக் கையைப் பார்த்தபடியே நின்றாள்.

அந்தப் பக்கத்தில் அரிசி போடுவதற்கு இரண்டு விதம் உண்டு. பிச்சைக்கும் கோவிலுக்கும் சங்கத்துக்கும் போடும்போது உள்ளங்கை மேலே பார்க்க, விரல் நுனி வழியாகச் சரிப்பார்கள். செத்தவருக்குப் போடும்போது கையை உட்பக்கமாகப் புரட்டி, கட்டைவிரல் பக்கமாக விடுவார்கள். வாய் திறந்து வாங்க என்றோ போயிட்டு வாங்க என்றோ சொல்ல மாட்டார்கள். கைக்குழந்தைக்குச் சோறூட்டும்போது கை கொஞ்சம் புரண்டால்கூட மாமியார் கையிலேயே அடிப்பாள். அத்தனை பெண்களுக்கும் தெரியும், அத்தனை ஆண்களுக்கும் தெரியும்.

அடுத்த ஐந்து நாள் ஷிப்ட் முடிந்து வந்ததும் வெள்ளத்தாய் தெருத் தெருவாக ஏறி இறங்கினாள். மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் எட்டு மணிநேரம் நின்ற கால், இருந்தாலும் வலிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டே விஷயம்தான் சொன்னாள். ஓட்டு அவன் சின்னத்துக்கு, அதில் மாற்றமில்லை, கட்சி சொல்லியாயிற்று, குடிசை தப்ப வேண்டும். அரிசியை மட்டும் கையைப் புரட்டிப் போடுங்கள். ஒரு வார்த்தை திட்டக் கூடாது, ஒரு சிரிப்பு கூடாது. மனசில்லாதவர்கள் எப்போதும்போல் போடலாம், வருத்தமில்லை.

"ஏட்டி, இதுக்குச் சும்மா தோக்கடிச்சிருவமே" என்றாள் அங்காளம்மாள்.

"தோத்தா அஞ்சு வருசத்துல மறந்துருவான். இது மறக்காது."

பட்டியலில் மீதிப் பத்துப் பேரின் வீடுகளும் அந்தத் தெருக்களில்தான் இருந்தன. அங்கெல்லாம் அவள் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி தன் அரிசி டப்பாவை இறக்கி, அப்போதே கையைப் புரட்டிப் பழகிப் பார்த்தாள்.

மறுத்தது தங்கபாய் ஒருத்திதான். அவள் புருசனும் பட்டியலில் இருந்தவர், இப்போது வத்திராயிருப்பில் ஒரு தென்னந்தோப்பில் காவல் இருக்கிறார். "உசிரோட இருக்கிற மனுசனுக்குப் போடக் கூடாது வெள்ளத்தாயி. பாவம் போட்ட கையில நிக்கும்" என்றாள்.

"நிக்கட்டும். என் கை பதினோரு வருசமா வெறுங்கையாத்தான் இருக்கு" என்றாள் வெள்ளத்தாய். தங்கபாய் தன் வழக்கம்போல் போடுவதாகச் சொன்னாள், அதற்கு வெள்ளத்தாய் சரி என்றாள்.

சனிக்கிழமை காலை சூரியன் சஞ்சீவி மலைக்கு மேலே ஏறியதும் தனுஷ்கோடி வந்துவிட்டான். பளிச்சென்று நாமம், புது வேட்டி, தோளில் கட்சித் துண்டு. முன்னால் இரண்டு பேர் கொட்டு. பின்னால் கொடியோடு முப்பது ஆள். கருத்தையாவும் இருமிக்கொண்டே வந்தார். வெள்ளத்தாய் சாக்கைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நடந்தாள். துண்டில் விழுகிற அரிசியை அவன் சாக்கில் கொட்ட வேண்டும், அதுதான் முறை.

முதல் வீட்டில் அங்காளம்மாளின் அக்கா மகள் வந்தாள். தனுஷ்கோடி துண்டை விரித்தான். "நம்ம வீட்டுப் பிள்ளைக்குப் போடுங்க தாயி" என்றான். அவள் கையைப் புரட்டினாள். கட்டைவிரல் பக்கமாக அரிசி சரிந்தது. அவன் கவனிக்கவில்லை, கொட்டுக்காரனைப் பார்த்து உரக்கத் தட்டச் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டாவது வீட்டிலும் கவனிக்கவில்லை. மூன்றாவது வீட்டில், ஏதோ சரியில்லை என்பதுபோல் ஒருமுறை துண்டைப் பார்த்தான். ஏழாவது வீட்டில் ஒரு கிழவி, பார்வை மங்கியவள், துண்டு எங்கே இருக்கிறது என்று இடது கையால் தடவிப் பார்த்துவிட்டு, நிதானமாகக் கையைப் புரட்டி, அரிசி முழுதும் விழுகிறவரை அப்படியே வைத்திருந்தாள்.

தனுஷ்கோடியின் கையிலிருந்து துண்டின் ஒரு முனை நழுவிற்று.

"ஏந்திப் பிடிங்க கொழுந்தனாரே. சிந்தக் கூடாது" என்றாள் வெள்ளத்தாய்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக அவள் இன்னொரு பதினோரு வருடம் காத்திருக்கச் சொன்னாலும் காத்திருந்திருப்பாள். அவன் மூளை வேகமாக வேலை செய்வது கண்ணில் தெரிந்தது, அவன் முட்டாள் இல்லை. நிறுத்தச் சொல்லலாம். எதை நிறுத்தச் சொல்வது? இவர்கள் எனக்கு வாய்க்கரிசி போடுகிறார்கள் என்று முப்பது பேருக்கு முன்னால், தெருவுக்கு நடுவில், தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொன்ன மறுநிமிடம் அது ராஜபாளையம் முழுக்கப் பரவிவிடும். பாதியில் திரும்பிப் போனால் ஏழு தெருவும் போயிற்று, வார்டும் போயிற்று. யாரும் திட்டவில்லை, யாரும் சிரிக்கவில்லை. கேட்டதைக் கொடுத்தார்கள். கொடுத்ததை வேண்டாம் என்று எந்த வேட்பாளன் சொல்வான்?

அவன் எட்டாவது வீட்டுக்கு நடந்தான்.

அதற்குமேல் அவன் நம்ம வீட்டுப் பிள்ளை என்று சொல்லவில்லை. துண்டை மட்டும் நீட்டினான். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் வந்தாள், வாய் திறக்கவில்லை, கை புரண்டது. சில பெண்கள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு போட்டார்கள், சிலர் தலையைக் குனிந்துகொண்டு போட்டார்கள். பட்டியலில் இருந்தவர்களின் வீடுகளில் இரண்டு பிடி விழுந்தது. மூன்றாவது தெருவுக்கு வந்தபோது கொட்டுக்காரர்களுக்கும் புரிந்துவிட்டது. அவர்கள் சாவுக்கும் அடிப்பவர்கள்தான். அடி தானாகவே தளர்ந்தது, முன்னால் போன இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொடி பிடித்தவர்களில் பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கருத்தையா வெள்ளத்தாயின் பக்கமாக ஒதுங்கி வந்து, "என்ன வேலை பாத்துருக்க நீ?" என்றார், மெதுவாக.

"கட்சி சொன்ன வேலை. ஓட்டு விழும் தோழர், நீங்க பயப்படாதீக."

தங்கபாய் மட்டும் வாங்க என்று சொல்லி, உள்ளங்கை மேலே பார்க்க அரிசியைப் போட்டாள். தனுஷ்கோடி அந்த இடத்தில் அழுதுவிடுவான் போல இருந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தான். தங்கபாய் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். கடைசி வாசல் வெள்ளத்தாயினுடையது. அவள் சாக்கைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தாள். பிடி என்றால் அவளுக்கு அன்று பெரிய பிடி. கையைப் புரட்டி, அரிசி ஒவ்வொன்றாக விழுவதுபோல் மெதுவாக விட்டாள். எத்தனை நேரம் ஆயிற்றோ. அவன் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேறு என்ன செய்வான்?

மறுநாள் அவன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனதை ஆட்டோ ஓட்டும் பால்பாண்டி வந்து சொன்னான். சொந்தக் கார் இருக்க, ஆட்டோவில் போயிருக்கிறான், யாருக்கும் தெரியக் கூடாதென்று. ஊர் ரகசியத்தை எல்லாம் ஆட்டோக்காரனிடம் கொடுத்து வைக்கிற புத்திசாலிகள் எந்தக் கட்சியிலும் உண்டு. ஆண்டாள் சன்னிதியில் பாஷ்யம் என்ற அய்யங்காரிடம் தேங்காய்த் தட்டைக் கொடுத்துவிட்டு, உயிரோடு இருக்கிறவனுக்கு யாராவது வாய்க்கரிசி போட்டுவிட்டால் பரிகாரம் உண்டா என்று காதோடு கேட்டானாம்.

"அய்யரு என்னலே சொன்னாரு?" என்றாள் அங்காளம்மாள்.

"தாயார் கிட்ட எதுக்கும் பரிகாரம் உண்டு, ஆனா போட்டவா மனசு வச்சாத்தான் கழியும், முதல்ல அவா கால்ல போய் விழுங்கோன்னுட்டாரு. திரும்பி வரும்போது ஆளு ஒரு வார்த்தை பேசல அக்கா. மீட்டருக்கு மேல அம்பது ரூவா குடுத்தாரு."

கால்ல விழ அவன் வரவில்லை. அதற்குப் பதில் திங்கட்கிழமை காலை ஒரு லாரியில் நாலு மூட்டை பொன்னி அரிசி வந்து இறங்கியது. கஞ்சி எல்லோருக்கும் வயிறு நிறையக் கிடைக்கட்டும், இந்த அரிசியிலேயே காய்ச்சுங்கள், வேட்பாளரின் அன்பளிப்பு என்று டிரைவர் சொன்னான். வெள்ளத்தாய் நாலு மூட்டையையும் சங்க அலுவலகத்தில் இறக்கி வைக்கச் சொல்லி ரசீது போட்டுக் கொடுத்தாள். கஞ்சிக்கு அடுப்பு மூட்டியதும் சனிக்கிழமைச் சாக்கைத்தான் பிரித்தாள்.

பிரச்சாரம் முடியும் அந்த மாலை, மில் சங்கு ஊதி ஷிப்ட் விட்டதும் ஏழு தெருவும் திடலில் கூடியது. மூன்று அண்டா கஞ்சி. மைக்கில் கருத்தையா பேசினார், பெரிய கட்சிக்காரர் இரண்டு பேர் பேசினார்கள். தனுஷ்கோடி பேச எழுந்தான். இரண்டு வாக்கியத்துக்குமேல் வரவில்லை. தொண்டை சரியில்லை என்றான். வெள்ளத்தாய் குவளையில் கஞ்சியை ஊற்றி, மேலே ஒரு உருண்டை துவையலை வைத்து, மேடைக்குக் கொண்டுபோனாள்.

"எனக்குச் சுகர் இருக்கு மதினி" என்றான் அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "டாக்டர் அரிசி கூடாதுன்னுட்டாரு."

"ஒரு குவளைதான. எண்பத்தேழு நாள் குடிச்ச கஞ்சி."

"நான் குடிச்சுட்டா மனசு ஆறிருவீகளா?"

"குடிங்க. சனம் பாத்துக்கிட்டு இருக்கு."

சனம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அண்டாவுக்குப் பக்கத்தில் குவளையோடு ஆயிரம் பேர், முதல் ஆள் குடிக்காமல் யாரும் வாய் வைக்க மாட்டார்கள். அந்தச் சட்டத்தைப் போட்டவன் குவளையை வாங்கினான். கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். நடுவில் ஒருமுறை ஓங்கரித்தான், துண்டால் வாயை மூடிக்கொண்டு மீதியையும் குடித்தான். திடல் கைதட்டியது. பெரிய கட்சிக்காரர்கள், தொழிலாளர்களோடு தொழிலாளியாக எங்கள் வேட்பாளர் என்று மைக்கில் கத்தினார்கள். வெள்ளத்தாய் காலிக் குவளையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். உள்ளுக்குள் குளிர்ந்தது. அதை அவள் மறைக்கவில்லை, மறைக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

ஓட்டு விழுந்தது. ஏழு தெருவும் விடிந்ததும் பூத்தில் வரிசையாக நின்று, சொன்ன சின்னத்தில் குத்திவிட்டு வந்தது. தனுஷ்கோடி நானூற்றுப் பதினாறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தான். மேனேஜரின் மச்சினன் டெபாசிட்டை மட்டும் காப்பாற்றிக்கொண்டான். நாற்பது குடிசையும் தப்பின. கருத்தையாவுக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வரும் என்று பேச்சு.

எண்ணி முடித்த அன்று மாலை ஐந்து மணிக்கு, கொட்டும் வெடியுமாக ஊர்வலம் முதல் தெருவுக்குள் நுழைந்தது. திறந்த ஜீப்பில் கழுத்து மறைய மாலையோடு தனுஷ்கோடி கும்பிட்டபடி நின்றான். முதல் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. பிணம் போகும்போது தெருவில் எப்படிச் சாத்துவார்களோ அப்படி, ஜீப் வர வர ஒவ்வொன்றாக. குழந்தைகளைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டார்கள். இதை வெள்ளத்தாய் யாருக்கும் சொல்லித் தரவில்லை. மூன்றாவது தெருவின் முனையில் கொட்டு நின்றுவிட்டது. வெடிக்காரன் வெடியைப் பையிலேயே வைத்துக்கொண்டான்.

தனுஷ்கோடி ஜீப்பை விட்டு இறங்கினான். ஆட்களைப் போகச் சொன்னான். மாலையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் தனியாக நடந்து வெள்ளத்தாயின் வாசலுக்கு வந்தான். அந்தத் தெருவில் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான். அவள் படிக்கு மேலே நின்றுகொண்டிருந்தாள்.

"செயிச்சுட்டேன் மதினி."

"தெரியும். நாங்கதான போட்டோம்."

"குடிசைக்குப் பட்டா வாங்கித் தாரேன். அண்ணன் பேர்ல தெருவுக்கே பேர் வைக்கச் சொல்றேன். என்ன வேணும்னாலும் கேளுங்க. இந்தப் பொம்பளைகளை மட்டும் என் முகத்தைப் பாக்கச் சொல்லுங்க. இன்னைக்கு நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல. ஒரு வாய் தண்ணியாச்சும் குடுங்க மதினி, உங்க கையால."

தண்ணீர் கேட்டு வந்தவனுக்கு இல்லையென்று சொல்ல மாட்டார்கள், பகையாளியானாலும். வெள்ளத்தாய் உள்ளே போனாள். செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்தாள். தனுஷ்கோடி இரண்டு கையையும் குவித்து வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு குனிந்தான். அவள் செம்பைச் சாய்த்தாள், அவன் கைக்கு அல்ல, படிக்கு. பிணத்தை எடுத்த வீட்டு வாசலைக் கழுவுவதுபோல இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே சீராக ஊற்றினாள். தண்ணீர் படியிறங்கி அவன் காலுக்கடியில் ஓடியது.

அவன் குவித்த கையோடு அப்படியே நின்றான். "மதினி, நான் உசிரோடதான இருக்கேன்" என்றான்.

"நீ எழுதும்போது அவிய பதினோரு பேரும் உசிரோடதான் இருந்தாக" என்றாள் வெள்ளத்தாய்.

பிறகு விளக்குமாற்றை எடுத்து, படியில் தேங்கிய தண்ணீரைத் தெருவுக்குத் தள்ள ஆரம்பித்தாள். அவன் ஒதுங்க வேண்டியிருந்தது, ஒதுங்கினான்.